உறைமோரும் முதற்பிழையும்

தயிர் வேண்டுமாயின் பாலைக் காய்ச்சி, இளஞ்சூட்டுக்கு ஆறவைத்து, அதனுள் சிறிது மோர் ஊற்றவேண்டும் என்பது இல்லத்தரசியர் யாவரும் அறிந்ததே. அந்த மோர் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், நேற்றைய தயிரிலிருந்து என்பார்கள். நேற்றைய தயிர் எங்ஙனம் உறைந்தது என்று கேட்டால், முந்தாநாள் மோரால் என்பார்கள். ஒருநாள் வீட்டில் மோர் முற்றாகத் தீர்ந்துபோனால், கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அயல்வீட்டுக்குத்தான் போகவேண்டும். கொல்லன் பட்டறையிலும் இதே புதிர் உண்டு. சுத்தியல் ஒன்றை அடித்தெடுக்க முன்னமே ஒரு சுத்தியல் வேண்டும். தன்னைத் தானே தோற்றுவிக்க இயலாத பொருள்கள் இவ்வுலகிற் பல. கணினியும் அவற்றுள் ஒன்று என்று சொன்னால் வாசகர்கள் வியப்படையக்கூடும்.

கணினிக்கு விளங்குவன எண்களால் ஆன ஏவல்கள் மட்டுமே. மனிதனால் அவ்வெண்களை எழுதிக்கொண்டிருக்க முடியாது. ஆதலால் 'சீ' முதலிய நிரல் மொழிகளில் தனக்கு விளங்கும் வண்ணம் எழுதுகின்றான். அவ்வாறு எழுதப்படுவது மூலநிரல். அதனை யந்திரத்துக்குரிய எண்களாக மாற்றித் தருவது தொகுப்பி எனப்படும் மற்றொரு நிரல். அதனை ஒரு மொழிபெயர்ப்பாளன் எனலாம். ஆனால் அந்த மொழிபெயர்ப்பாளனும் மூலநிரலாக எழுதப்பட்டவனே. அப்படியாயின் அவனை மொழிபெயர்த்தவர் யார்? முன்னொரு தொகுப்பி. அதனை ஆக்கியது எது? அதற்கும் முன்னைய ஒன்று. மோரின் கதைதான் இங்கும்.

ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் யாவரும் பார்க்கவும் திருத்தவும் பகிரவும் கூடிய மென்பொருள்களை ஆக்கும் திட்டம் ஒன்றை 1983இல் அறிவித்தார். அத்திட்டத்தின் தொகுப்பியாகிய ஜீசீசீ 1987இல் வெளிவந்தது. 1991இல் பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், கேர்னல் எனப்படும் கருப்பகுதியை எழுதி வெளியிட்டார். இவை இரண்டின் சேர்க்கையிலிருந்து வளர்ந்ததே இன்று நாம் லினக்ஸ் என்றழைக்கும் பணிசெயல் முறைமை. பெரும்பாலோர் அதனைப் பிறர் தொகுத்து வைத்த நிலையிலேயே பெற்றுக்கொள்கிறார்கள். கடையிற் சோற்றுப் பார்சல் வாங்குவதைப் போன்றது அது. அரிசியை வாங்கித் தாமே சமைக்க விரும்புவோரும் உளர். அவர்களுக்கென ஜென்டூ என்றொரு வகை உண்டு. நீருள் விரைந்து நீந்தும் ஒரு பென்குயினின் பெயரை அதற்கு இட்டிருக்கிறார்கள். நெல்லைத் தாமே குற்ற விரும்புவோருக்கு, ஜெரார்ட் பீக்மன்ஸ் என்பவர் 1999இல் தொடங்கிய 'லினக்ஸ் ஃப்ரொம் ஸ்க்ராட்ச்' என்னும் நூல் இருக்கிறது. வெறும் வன்தட்டில் ஏறக்குறைய 80 பொதிகளை மூலநிரலிலிருந்து ஒவ்வொன்றாகக் கட்டி எழுப்பும் முறையை அது படிப்படியாகச் சொல்கிறது.

2022ஆம் ஆண்டின் மார்ச், ஏப்ரல் மாதங்களில் இந்நூலைத் துணையாகக் கொண்டு இரண்டு மாணவர்களுடன் நாம் ஒரு முறைமையைக் கட்டினோம். ஓர் அலுவலகம் கழித்துவிட்ட பழைய கணினி ஒன்று எமது வீட்டு விறாந்தையிற் கிடந்தது. மாணவர்களுள் ஒருவன் உயர்தர வகுப்பிற் பயில்பவன், மிகுந்த விரைவுடையவன். மற்றவன் அந்த ஆண்டு பெப்ரவரி, மார்ச் மாதங்களில் நடந்த உயர்தரப் பரீட்சையை எழுதி முடித்துவிட்டு, நிச்சயம் சித்தியெய்தப் போவதில்லை என்று தானே தீர்ப்புக் கூறிக்கொண்டு வீட்டில் முடங்கியிருந்தவன். அவனுடைய தாயார் ஒருநாள் எம்மிடம் வந்து, "சேர், இவன் இனிப் படிக்கிறதோ, மாமாவின்ரை கடையில போய் நிக்கிறதோ? நீங்கள்தான் ஒரு வழி சொல்லவேணும்" என்று கேட்டார். உடனே சொல்லக்கூடிய விடை எம்மிடம் இருக்கவில்லை. "ஒரு மாதம் என்னோடை விடுங்கோ, பிறகு பாப்பம்" என்று மட்டும் சொன்னோம்.

கட்டும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுதல் நன்று. முதலிற் கணினியில் ஏற்கனவே உள்ள ஒரு லினக்ஸின் தொகுப்பியைக் கொண்டு புதிய தொகுப்பி ஒன்றை ஆக்கவேண்டும். இது அயல்வீட்டு மோர். அத்தொகுப்பியைக் கொண்டு ஜீலிப்சீ என்னும் அடிப்படை நூலகத்தையும், வேண்டிய சிறு கருவிகளையும், மீண்டும் ஒருமுறை தொகுப்பியையும் ஆக்கவேண்டும். பின்னர் பழைய முறைமை கண்ணுக்குத் தெரியாதவாறு கதவைச் சாத்திக்கொண்டு, புதிய அறைக்குள் நின்றபடியே இறுதி முறைமை முழுவதையும் கட்டவேண்டும். அயல்வீட்டு மோரால் உறைந்த முதல் தயிரை எடுத்து மறுநாட் பாலுக்கு ஊற்றி, அதனை அடுத்த நாட் பாலுக்கு ஊற்றினால், மூன்றாம் நாட் சட்டியில் இருப்பது நம் வீட்டுப் பாலே அன்றோ? ஒரே தொகுப்பியை ஏன் பலமுறை ஆக்கவேண்டும் என்று விரைவுடைய மாணவன் கேட்டபோது, எமது இல்லாள் அடுக்களையிலிருந்து சொன்ன விளக்கம் இது. அதனைவிடச் சிறந்த விளக்கம் எமக்கும் கிடைக்கவில்லை.

நூல் சொன்னபடி செய்தால் எல்லாம் ஒழுங்காக நடந்துவிடும் என்று எண்ணினால் அது பிழை. தொகுப்பு இடையில் முறிந்து நின்றுவிடும். திரையிற் பல நூறு வரிகள் ஓடி, ஈற்றில் 'மேக்: எரர் 2' என்று ஒரு வரி வந்து நிற்கும். 'மேக்' என்பது எந்தக் கோப்பை எதற்குப் பின் தொகுக்கவேண்டும் என்று மேற்பார்வை செய்யும் கங்காணி போன்ற ஒரு கருவி. 1976இல் பெல் ஆய்வுகூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் அதனை ஆக்கினார்.

"சேர், கடைசி வரியில எரர் ரெண்டு எண்டு கிடக்குது. ரெண்டாம் நம்பர் எரர் எண்டால் என்ன?" என்று விரைவுடையவன் கேட்டான். கேட்டுவிட்டு விடைக்குக் காத்திராமல், அந்த வரியை அப்படியே இணையத்திலிட்டுத் தேடத் தொடங்கினான். ஆயிரக்கணக்கான பக்கங்கள் வந்தன. அவற்றில் ஒன்றேனும் உதவவில்லை, உதவவும் முடியாது. ஏனெனில் அந்தக் கடைசி வரி பிழையைச் சொல்வதன்று. கீழே யாரோ வேலையை முடிக்காமல் எழுந்துவிட்டான் என்று கங்காணி மேலிடத்துக்கு அறிவிக்கும் செய்தி மட்டுமே அது. உண்மையான பிழை அதற்கு மேலே, சிலவேளை இருநூறு வரிகளுக்கு மேலே இருக்கும்.

நாம் கணிதமும் கற்பிப்பவராதலின் இவ்விடத்தில் ஒன்று நினைவுக்கு வந்தது. மாணவன் ஒருவன் நீண்ட கணக்கொன்றின் மூன்றாம் வரியில் ஒரு குறியை மாற்றி எழுதிவிட்டால், அதன்பின் பதினைந்து வரிகளும் பிழையாகவே போகும். திருத்துபவர் விடையை மட்டும் பார்த்துச் சிவப்பு மையாற் கோடிட்டுவிட்டால், மாணவன் தனக்குக் கணிதமே வராது என்று எண்ணுவான். மூன்றாம் வரியைச் சுட்டிக் காட்டினால், தன் கணக்கு முழுவதும் சரி, ஒரு குறி மட்டுமே பிழை என்று அறிவான். தொகுப்பு முறியும்போதும் இதுவே வழி. பதிவைக் கோப்பொன்றிற் சேமித்துக்கொண்டு, அதில் 'எரர்' என்னும் சொல் முதன்முதலில் எங்கே வருகிறது என்று பார்க்கவேண்டும். அதற்குப் பின் வருவனவற்றுட் பெரும்பாலானவை அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே. பல வேலைகளை ஒரே நேரத்திற் செய்யுமாறு மேக்கை ஏவியிருந்தால், பலர் ஒருங்கே பேசுவது போன்று செய்திகள் கலந்துவிடும். அப்போது ஒவ்வொரு வேலையாகச் செய்யுமாறு ஏவினால் முதற்பிழை தெளிவாகக் காணப்படும். நோயின் மூலத்தை அறிந்தே மருந்து செய்யவேண்டும் என மருத்துவனுக்கு வள்ளுவர் வகுத்த நெறி, பணிசெயல் முறைமைக்கும் பொருந்துவது கண்டு நாம் மகிழ்ந்தோம்.

முடங்கியிருந்த மாணவனுக்கு இந்தப் பணி பிடித்துப்போயிற்று. விரைவு அவனிடம் இல்லை. ஆயின் வாசிக்கும் பொறுமை இருந்தது. ஒரு கொப்பியை எடுத்து, ஒவ்வொரு முறிவுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, 'என்ன கட்டினோம், முதற்பிழை எது, எதை மாற்றினோம், என்ன நடந்தது' என நான்கு தலைப்புகளிட்டு எழுதத் தொடங்கினான். விரைவுடையவனோ ஒரே வேளையில் மூன்று மாற்றங்களைச் செய்து, தொகுப்பு ஓடியதும் துள்ளினான். மூன்றில் எது மருந்து என்று கேட்டபோது அவனிடம் விடையில்லை. மறுநாள் வேறொரு பொதியில் அதே நோய் வந்தபோது, மீண்டும் மூன்று மருந்தையும் கலந்து கொடுக்கவேண்டியதாயிற்று. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுக என்னும் விதி அன்று முதல் எங்கள் விறாந்தையிற் சட்டமாயிற்று.

தொடக்க நாட்களில் நேரும் முறிவுகள் பெரும்பாலும் அயல்வீட்டு மோரைப் பற்றியவை. பழைய முறைமையிலுள்ள கருவிகள் போதிய அளவு புதியனவா என்று சோதிக்க நூலிலேயே ஒரு சிறு நிரல் தரப்பட்டிருக்கிறது. பலர் அதனைத் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள். டெபியன், உபுண்டு வகைகளில் 'எஸ்எச்' என்று கட்டளையிட்டால் விடை சொல்வது பாஷ் அன்று, அதனிலும் சிறியதாகிய டாஷ். பாஷே இருக்கவேண்டும் என நூல் வற்புறுத்துகிறது. பெயர் ஒன்று, ஆள் வேறு; ஆளை மாற்றாவிட்டால், பின்னர் எங்கோ ஓரிடத்தில் முறியும்போது காரணம் விளங்காது. மற்றொன்று மிகவும் ஆபத்தானது. புதிய முறைமை எந்த இடத்திற் கட்டப்படுகிறது என்பதைச் சொல்லும் மாறி ஒன்று உண்டு. புதிய முனையத்தைத் திறக்கும்போது அது வெறுமையாகிவிடலாம். முகவரியில் வீட்டின் பெயர் விடுபட்டதனால் உறவினருக்கு அனுப்பிய பொதி அனுப்பியவர் வீட்டிலேயே இறங்குவதுபோல, கட்டளைகள் பழைய முறைமையின் மீதே பாயும். முழு அதிகாரமுள்ள பயனராக நின்று இட்ட கட்டளையாயின், உறைமோர் தந்த அயல்வீடே இடிந்துபோகும். ஆகவேதான் அதிகாரம் குறைந்த புதுப் பயனர் ஒருவரை உண்டாக்கி, சூழலைத் துப்புரவாக்கி, ஒவ்வொரு நாளும் அந்த மாறியின் பெறுமதியை ஒருமுறை அச்சிட்டுப் பார்த்த பின்னரே வேலையைத் தொடங்குமாறு மாணவரைப் பழக்கினோம்.

இனி அந்த ஆண்டுக்கே உரிய இடர்ப்பாட்டுக்கு வருவோம். 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்டதை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். மின்சாரம் இருக்கும் வேளையிலேயே தொகுக்கவேண்டும். முதற்பொதியைக் கட்ட எடுக்கும் நேரத்தை ஓர் அலகாகக் கொண்டு, ஏனைய ஒவ்வொரு பொதிக்கும் எத்தனை அலகு ஆகும் என்று நூல் குறிப்பிடுகிறது. எமது கணினியில் ஓர் அலகு 14 நிமிடம். பொறுமையுள்ள மாணவன் மின்வெட்டு அட்டவணையைப் பத்திரிகையிலிருந்து வெட்டிச் சுவரில் ஒட்டினான். ஒவ்வொரு பொதியின் அலகையும் பதினான்காற் பெருக்கி, எந்த இடைவெளிக்குள் எது அடங்கும் என்று கணக்கிட்டு, ஒரு நேரசூசி வரைந்தான். சிறு பொதிகள் பகலுக்கு. தொகுப்பி போன்ற பெரும்பொதி, நள்ளிரவுக்குப் பின் மின்சாரம் நீண்டநேரம் இருக்கும் நாளுக்கு. கணக்கு வராது என்று தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவன் வரைந்த நேரசூசி அது.

ஆயினும் அட்டவணையை மீறி மின்சாரம் போன நாட்களும் இருந்தன. மீண்டும் தொடங்கியபோது, மேக் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. சிறிது நேரத்தில், கோப்பு ஒன்று குறைபட்டது என்று இணைப்பி மறுத்துவிட்டது. நடந்தது யாதெனில், மின்சாரம் போன கணத்தில் எழுதப்பட்டுக்கொண்டிருந்த கோப்பு அரைகுறையாக வன்தட்டில் நின்றுவிட்டது. மேக் கோப்பின் உள்ளே பார்ப்பதில்லை. அதன் திகதியை மட்டுமே பார்க்கிறது. மூலநிரலினும் புதிய திகதியுடன் கோப்பொன்று இருந்தால், அந்த வேலை முடிந்தது என்று எண்ணிக்கொள்கிறது. இவ்வாறான வேளையில் அரைகுறைக் கோப்பை மட்டும் தேடித் திருத்த முனைவது வீண்முயற்சி. அந்தப் பொதியின் அடைவு முழுவதையும் அழித்துவிட்டு, மூலநிரலை மறுபடியும் பிரித்தெடுத்து, முதலிலிருந்து தொடங்கவேண்டும். திரைந்த பாலில் மேலும் உறை ஊற்றிப் பயன் இல்லை.

அதற்கடுத்த வாரம் நேர்ந்ததுதான் எல்லாவற்றிலும் விசித்திரமானது. அதுவரை ஒழுங்காக நடந்த வேலை ஒரு காலையில் தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. எந்தப் பொதியை எடுத்தாலும் ஒரே செய்தி. பொதியைக் கட்டத் தொடங்குமுன், கட்டும் சூழல் சித்தசுவாதீனத்துடன் இருக்கிறதா என்று ஒரு சோதனை நடைபெறுவதுண்டு. அந்தச் சோதனையே தோல்வியுற்று, 'இப்போது உண்டாக்கிய கோப்பு, பொதியுடன் வந்த கோப்புகளைவிடப் பழையது' என்று முறையிட்டது.

விரைவுடையவன் பொதி பழுது என்றான், வேறிடத்திலிருந்து மீண்டும் இறக்கினான், சரிபார்க்கும் எண்ணும் பொருந்தியிருந்தது, ஆயினும் பயனில்லை. பொறுமையுள்ளவன் அந்த வரியை இரண்டு முறை உரக்க வாசித்துவிட்டுச் சிரித்தான்.

"சேர், பிள்ளை தாயைவிட மூப்பு எண்டு சொல்லுது. அப்படியெண்டால் பிழை பிள்ளையிலும் இல்லை, தாயிலும் இல்லை. பிறந்த திகதி எழுதினவரிலதான்" என்றான்.

திகதியைக் கேட்கும் கட்டளையை இட்டான். கணினியின் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னே போயிருந்தது. மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தை ஓடவைப்பதற்காகக் கணினியினுள் நாணயம்போன்ற ஒரு சிறு மின்கலம் உண்டு. பழைய கணினியாதலின் அம்மின்கலம் செத்துவிட்டது. அதற்கு முன்னெல்லாம் இணையத்திலிருந்து கணினி தன் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டமையால் எவரும் கவனிக்கவில்லை. அன்று காலை இணைப்பும் இருக்கவில்லை. எண்பது பொதிகளும், கோடிக்கணக்கான எழுத்துகளும் கொண்ட அந்தப் பெருங்கட்டடத்தை நிறுத்திவைத்தது ஒரு நாணய அளவான மின்கலம். மேக்கின் கண்ணுக்கு உலகம் திகதிகளால் ஆனது என்பதை அறிந்தவனுக்கு அந்த வரி விளங்கும். அறியாதவனுக்கு அது பிதற்றலாகத் தோன்றும். அன்று மாலை புதிய மின்கலம் இடப்பட்டது. அவனுடைய கொப்பியில் அந்தப் பக்கத்துக்கு மட்டும் சிவப்புப் பேனையால் கட்டம் போட்டிருந்ததைப் பின்னர் கண்டோம்.

நினைவகம் போதாமையால் நேரும் முறிவும் உண்டு. தொகுப்பி கொல்லப்பட்டது என்று ஒரே ஒரு சொல் வரும். கொன்றது கேர்னல். நினைவகம் தீர்ந்து முறைமை முழுவதும் உறைந்துபோகாமல் இருப்பதற்காக, மிகுதியாக உண்பவரை அது வெளியேற்றுகிறது. நான்கு வேலைகளை ஒருங்கே ஏவியிருந்தால் ஒன்றாகக் குறைப்பதும், வன்தட்டில் ஒரு பகுதியை மாற்று நினைவகமாக ஒதுக்குவதும் இதற்குப் பரிகாரம். இன்னொரு வகை முறிவைப் பற்றி 1990களில் லினக்ஸ் பயின்றோர் நன்கறிவர். தொகுப்பி 'சிக்னல் 11' என்று கூறி விழும். மீண்டும் ஏவினால் வேறோரிடத்தில் விழும். இங்கே ஒரு பயனுள்ள விதி கிடைக்கிறது. எத்தனை முறை ஏவினாலும் ஒரே இடத்தில் முறிந்தால், நோய் எழுத்தில் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் வேறு வேறிடத்தில் முறிந்தால், நோய் உடம்பில், அதாவது நினைவகத்திலோ சூட்டிலோ மின்வழங்கியிலோ இருக்கிறது. வைத்தியருக்கு நாடி எப்படியோ, அப்படி இந்த விதி.

இவ்வளவு இடர்ப்பட்டு ஒருவர் ஏன் கட்டவேண்டும், ஆயத்தமாகக் கிடைப்பதை ஏற்றாற் போதாதா என்று வாசகர் கேட்பது நியாயமே. அன்றாடத் தேவைக்கு அதுவே போதும். ஆனால் உறைமோரைப் பற்றிய ஒரு கவலையும் உண்டு. அயல்வீட்டு மோர் புளித்திருந்தால், நம் வீட்டுப் பால் எவ்வளவு தூய்மையாயினும் அந்தப் புளிப்பு வந்து சேரும் அன்றோ? யுனிக்ஸ் முறைமையை ஆக்கியவர்களுள் ஒருவராகிய கென் தொம்சன், டியூரிங் பரிசை ஏற்று ஆற்றி 1984இல் அச்சில் வெளிவந்த உரையில் இதனையே எடுத்துக்காட்டினார். தொகுப்பியினுள் ஒரு கள்ள வழியை மறைத்து, அத்தொகுப்பி புதிய தொகுப்பியை ஆக்கும்போதெல்லாம் அதே வழியைத் தானே புகுத்துமாறு செய்துவிட்டால், மூலநிரலை எத்தனை முறை வாசித்தாலும் கள்ளம் புலப்படாது என்று அவர் காட்டினார்.

இது வெறும் கற்பனையன்று என்பதற்கு அண்மைக்காலச் சான்றொன்று உண்டு. 2024 மார்ச் இறுதியில், எக்ஸ்ஸெட் என்னும் சுருக்கு மென்பொருளின் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளிற் கள்ளவழி ஒன்று ஒளிக்கப்பட்டிருப்பதை அன்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்னும் பொறியியலாளர் வெளிப்படுத்தினார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும்போது ஏறக்குறைய அரைச் செக்கன் கூடுதலாகச் செல்வதைக் கவனித்து, அது ஏன் என்று தேடிச் சென்றவர் அவர். அந்தக் கள்ளத்தின் ஒரு பகுதி, கட்டும்போது ஓடும் சிறு கட்டளைக் கோப்பிலேயே மறைந்திருந்தது. கட்டும் முறையை அறிந்தவர்கள் உலகில் ஒருசிலரேனும் இருக்கவேண்டியதன் இன்றியமையாமை அன்று புலனாயிற்று. உறைமோரையே இயன்றவரை சிறிதாக்கும் முயற்சிகளும் நடைபெறுகின்றன. 357 பைட் அளவேயான ஒரு விதை நிரலிலிருந்து தொடங்கி, படிப்படியாகத் தொகுப்பி வரை ஏறிச் செல்லும் வழியை கீக்ஸ் என்னும் திட்டத்தினர் 2023இல் நிறைவேற்றிக் காட்டினர். இந்தக் கட்டுரையின் ஒரு சிறு பந்தி அதனைவிடப் பெரிது.

ஏப்ரல் மாத முடிவில் எமது மாணவரின் முறைமை முதன்முதலாகத் தன் காலில் எழுந்து நின்றது. கருந்திரையில் வெள்ளை எழுத்தாகப் பயனர் பெயரைக் கேட்டு ஒரு வரி. அவ்வளவே. பார்க்க வந்திருந்த தாயார், "இந்த ஒரு வரிக்கோ ஒரு மாதம்?" என்று கேட்டார். மகன், "ஓம் அம்மா, அதுக்குப் பின்னால என்ன கிடக்குது எண்டு எனக்கு முழுக்கத் தெரியும்" என்றான். அவர் எம்மைத் திரும்பிப் பார்த்தார். கடையா படிப்பா என்ற கேள்வியை அதன்பின் அவர் எம்மிடம் கேட்கவில்லை.

ஆகஸ்ட் இறுதியில் வந்த பெறுபேறு அவன் அஞ்சியபடியே இருந்தது. அதனை மறைத்துச் சொல்வதிற் பயனில்லை. ஆனால் இம்முறை அவன் முடங்கிக் கிடக்கவில்லை. பழைய வினாத்தாள்களை எடுத்து, தான் எழுதிய விடைகளை நினைவிலிருந்து மீண்டும் எழுதி, ஒவ்வொன்றிலும் முதற்பிழை எங்கே என்று அந்தக் கொப்பியின் மிகுதிப் பக்கங்களிற் குறித்துக்கொண்டு வந்து எம்மிடம் காட்டினான். பௌதிகத்தில் அவன் இழந்த புள்ளிகளிற் பெரும்பகுதி அலகு மாற்றத்திலேயே போயிருந்தது. 'எனக்குப் பௌதிகம் வராது' என்பது 'மேக்: எரர் 2' போன்றது, அது எதையும் சொல்வதில்லை. 'சென்ரிமீற்றரை மீற்றராக மாற்றாமல் விடுகிறேன்' என்பதே முதற்பிழை; அதனைத் திருத்தலாம். அவன் மறுமுறை எழுதினான். பொறியியற் பீடத்துக்குப் போதுமான புள்ளி கிடைக்கவில்லை. எனினும் தொழினுட்பக் கல்லூரியொன்றிற் பயின்று, இப்பொழுது கொழும்பில் ஒரு நிறுவனத்தின் கணினிகளைப் பராமரிக்கும் உத்தியோகத்தில் இருக்கிறான்.

எம் கல்விமுறையில் பிழை என்பது அவமானத்தின் பெயராகிவிட்டது. வினாத்தாள் திரும்பி வந்ததும் பிள்ளைகள் மொத்தப் புள்ளியைப் பார்த்துவிட்டு, தாளை மடித்துப் புத்தகத்துக்குள் ஒளித்துவிடுகிறார்கள். பெற்றோரும் கடைசி வரியையே கேட்கிறார்கள். தொகுப்பியோ புகழ்வதுமில்லை, இகழ்வதுமில்லை. எந்தக் கோப்பில் எந்த வரியில் இடறியது என்று எண்ணைக் குறிப்பிட்டுச் சொல்லிவிட்டு நிற்கிறது. எத்தனை முறை கேட்டாலும் சலிப்பின்றி அதனையே சொல்கிறது. இத்தகைய ஆசிரியரிடம் சில காலம் பயில்வது எந்தப் பிள்ளைக்கும் நல்லதே.

முயல விரும்பும் மாணவருக்குச் சில சொல்லி முடிப்போம். வீட்டார் பயன்படுத்தும் கணினியில் இதனைச் செய்யாதீர்கள். பழைய கணினியொன்றையோ, கணினிக்குள் அமைக்கும் மாயக் கணினியையோ பயன்படுத்துங்கள். நூலின் ஒரே பதிப்பை முதலிலிருந்து முடிவுவரை பின்பற்றுங்கள். ஒரு பதிப்பின் கட்டளையை மற்றொன்றின் பொதியுடன் கலக்காதீர்கள். முதற் கட்டம் முடிந்ததும், ஒன்றும் செய்யாத ஒரு வரி நிரலைத் தொகுத்து, அது புதிய நூலகத்தையே நாடுகிறதா என்று பார்க்குமாறு நூல் சொல்லும். அந்தச் சோதனையைத் தாண்டிச் செல்லாதீர்கள். அங்கே விடை பிழைத்திருந்தால், அதற்குமேற் கட்டுவதெல்லாம் வீணே. சோதனைகளுள் சில எல்லோருக்கும் தோல்வியுறுவன என்று நூலே குறித்திருக்கும். அவற்றைக் கண்டு மனம் தளரவேண்டாம். எல்லாவற்றிலும் மேலாக, ஒரு கொப்பியும் பேனையும் அருகில் இருக்கட்டும். திரை நின்றதும் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டு, மேலே சென்று வாசியுங்கள்.